டிராப் ஒழுகும் குளியலறை: பூசுவதா, குழி எடுப்பதா, முழுவதும் பெயர்ப்பதா?

கீழ்வீட்டு அக்கா கையில் பென்சிலோடு வந்து கூப்பிட்டார். எங்கள் படுக்கையறைக் குளியலறைக்கு நேர் கீழே, அவர்கள் வீட்டுக் கூரையில் தோசைக்கல் அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு. அதன் ஓரத்தைச் சுற்றி மூன்று பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு தேதி. "நான் சண்டைக்கு வரவில்லை தம்பி. எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று நீங்களே பாருங்கள்" என்றார். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இருந்தது. அண்ணாந்து பார்த்தபோதுதான் முன்பக்கக் குளியலறைக்கு அடியிலும் உள்ளங்கை அளவில் ஒரு சின்னத் திட்டு கண்ணில் பட்டது.

மடிப்பாக்கத்தில் 1990களில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. இரண்டு குளியலறைகளையும் புதுப்பிக்கலாம் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. டைல்ஸ் மஞ்சளடித்துவிட்டது, பழைய கொமோடின் தொட்டி ஓயாமல் ஒழுகுகிறது என்று சில்லறைக் காரணங்கள். இப்போது உண்மையான காரணம் கூரையிலிருந்து சொட்டியது.

வந்து பார்த்தவர்கள் நான்கு பேர், சொன்ன வழிகள் நான்கு. பிளம்பர், டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி என்ற பசையைப் போட்டால் போதும் என்றார். வாட்டர்ப்ரூஃபிங் ஆள், கீழிருந்து ஊசி போட்டு ரசாயனம் ஏற்றலாம் என்றார். டைல்ஸ் கடைக்காரர், பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புதிதாக ஒட்டித் தருவதாகச் சொன்னார். கொத்தனார் உள்ளே நுழைந்து, காலால் தரையைத் தட்டி, "எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் சார்" என்று ஒரே வரியில் முடித்தார். அவரவர் பெட்டியில் இருக்கும் மருந்தைத்தான் அவரவர் எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பணத்தை இறக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி.

களிமண் வரப்பு

குளியலறையில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கிறது. குழாய்க்குள் அழுத்தத்தோடு வரும் தண்ணீர், டிராப் (தரைத் துளைக்கு அடியில் இருக்கும் வளைந்த கழிவுக் குழாய்) வழியாக வெளியேறும் கழிவுநீர், தரையில் விழுந்து டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர். முதல் வகையைப் பிளம்பரின் கைப்பம்பு காட்டிக் கொடுத்துவிடும். குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுவைத்தால், ஒழுகும் குழாயில் மீட்டர் முள் இறங்கும். எங்களுக்கு இறங்கவில்லை.

மற்ற இரண்டையும் பிரித்தறிய ஒவ்வொரு குளியலறையாக நான்கு நாள் பூட்டிக் காயப்போட்டோம். பிறகு டிராப்பின் ஜல்லடையைக் கழற்றி, ஒரு துண்டுக் குழாயை உள்ளே செருகி, தரை நனையாமல் இருபது வாளித் தண்ணீரை அதன் வழியாக மட்டும் ஊற்றினேன். கீழே நனைந்தால் பழுது டிராப்பிலோ அதற்கு அப்பால் உள்ள குழாயிலோ இருக்கிறது. நனையாவிட்டால் தரைப்பக்கம் பார்க்கவேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடித்ததில் மீந்த களிமண்ணை நனைத்துப் பிசைந்து, டிராப்பைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு வட்டமாக வரப்பு கட்டினேன். டிராப்பின் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து இறுக்கி அடைத்துவிட்டு வரப்புக்குள் மட்டும் தண்ணீர் கட்டினேன். சொட்டு நீலம் கொஞ்சம் கலந்துகொண்டால் கீழே வருவது நம் தண்ணீர்தானா என்ற சந்தேகமும் தீரும். மறுநாள் வரை பார்த்துவிட்டு, காயவிட்டு, அடுத்து வரப்புக்கு வெளியே மட்டும் தண்ணீர் கட்டினேன். நாள் பிடிக்கும் வேலைதான், ஆனால் செலவு ஒரு பாட்டில் நீலம்.

முன்பக்கக் குளியலறையில் வரப்புக்கு உள்ளே கட்டிய தண்ணீர் இரவோடு இரவாகக் கால் அங்குலம் இறங்கி, கீழே லேசான நீலம் தெரிந்தது. வெளியே கட்டிய தண்ணீர் அசையவில்லை. அங்கே பழுது டிராப்பின் வாய்க்கு மேலே உள்ள கழுத்தில் மட்டும். படுக்கையறைக் குளியலறையில் குழாய் வழியாக ஊற்றியதும் கசிந்தது, வரப்புக்கு வெளியே கட்டியதும் கசிந்தது. ஒரே வீடு, ஒரே வயது, ஒரே கொத்தனார் கட்டியது. ஆனால் நோய் இரண்டு.

சோதனைக்கு இறங்கும்முன் வாஷ்பேசினுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிடுங்கள். பேசினின் வேஸ்ட் கப்ளிங்கில் ரப்பர் வாஷர் இற்றுப்போய்த் தண்ணீர் சுவரோடு இறங்குவதும், நெளிகுழாய் தரைத் துளையில் சும்மா செருகி வைக்கப்பட்டிருப்பதும் சாதாரணமாகக் காணக்கூடியவை. ஒரு வாஷருக்காகத் தரையை உடைத்த வீடுகள் உண்டு.

டிராப்பின் கழுத்து

நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிட ஓர் அடி அளவுக்குத் தாழ்த்திக் கட்டுவார்கள். அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே வாட்டம் (தண்ணீர் ஓடச் சரிவு) கொடுத்து டைல்ஸ் பதிப்பது வழக்கம். தரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பது நஹானி டிராப். அதன் வளைவில் எப்போதும் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான்.

டிராப்பின் வாய்க்கும் டைல்ஸ் மட்டத்துக்கும் நடுவே மூன்று நான்கு அங்குலம் இருக்கும். அந்த இடத்தைத்தான் கழுத்து என்கிறேன். ஒழுங்காகச் செய்தால் அங்கே ஒரு பிவிசி துண்டை வைத்து ஒட்டி உயர்த்தவேண்டும். பழைய கட்டடங்களில் பல இடங்களில் செங்கல் துண்டையும் கலவையையும் வைத்துக் கையாலேயே வளையம் கட்டி விட்டிருப்பார்கள். பிவிசி வழவழப்பானது, சிமெண்ட் அதைப் பிடிக்காது. கலவை காய்ந்து சுருங்கும்போது இரண்டுக்கும் நடுவே மயிரிழை விடும். குளிக்கும் தண்ணீர் முழுவதும் அந்த மயிரிழையைத் தாண்டித்தான் டிராப்புக்குள் போகவேண்டும். ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் கழுத்துக்கு வெளியே இறங்கி ஜல்லியில் தங்கும். ஜல்லி ஒரு தொட்டி மாதிரி நிறைந்த பிறகுதான் கீழ்வீட்டுக்குச் செய்தி போகிறது. ஆகவே கூரையில் இன்று தெரிகிற ஈரம் பல மாதத்துக் கணக்கு.

இன்னொரு குற்றவாளி நம் கையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஆசிட் ஊற்றித் தரையைத் தேய்க்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நுரைத்துக்கொண்டு கறை போவதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். நுரைப்பதில் பாதி, இடுக்கில் இருக்கும் ஒயிட் சிமெண்ட் கரைந்து போவது.

பூசுவது

மேலோடு முடிக்கும் வழிகளில் எபாக்ஸிதான் மதிப்பானது. பழைய ஒயிட் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரெசினும் ஹார்டனரும் கலந்த பசையை இடுக்கில் நிரப்புகிறார்கள். தண்ணீர் உறிஞ்சாது, வீட்டில் ஊற்றும் ஆசிட்டுக்கும் சிமெண்டைப்போல் கரைந்துபோகாது. ஒரு நாள் வேலை, சில ஆயிரங்களில் முடியும், சத்தமில்லை. பழுது டைல்ஸ் இடுக்கில் மட்டும் என்று வரப்புச் சோதனை சொல்லியிருந்தால் நான் இதையே செய்திருப்பேன். ஆனால் இடுக்கைக் கால் அங்குலம் ஆழமாவது சுரண்டவேண்டும். பழைய பூச்சின் மேலேயே பசையைத் தடவிவிட்டுப் போனால் சீக்கிரமே உரிந்துவரும். கழுத்திலோ குழாயிலோ பழுது இருந்தால் எபாக்ஸியால் ஒரு பயனும் கிடையாது. ஒயிட் சிமெண்டை மறுபடியும் பூசுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதை நாங்கள் இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நம்பினோம்.

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது அழகுக்கான வேலை. அதற்கென்று உள்ள பசையில் ஒட்டினால் நன்றாகவே நிற்கிறது. கசிவுக்கு மருந்தாக நினைத்தால்தான் வம்பு. தரை ஏறத்தாழ அரை அங்குலம் உயரும், கதவின் அடி உரசும், அறைக்குத் தண்ணீர் வராமல் தடுக்கும் படியின் உயரம் குறையும், டிராப்பின் கழுத்து இன்னும் அரை அங்குலம் நீளும். பழுது இருக்கும் இடமே கழுத்து என்றால் நோயை வளர்க்கிற வேலை இது.

கீழிருந்து ஊசி போடுவது கொஞ்சம் நுட்பமானது. தளத்தில் துளையிட்டு, பேக்கர் என்ற முனைகளைச் செருகி, தண்ணீர் பட்டதும் நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேனை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். கான்கிரீட் தளத்தில் விரிசல் இருந்தாலோ, குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் கசிந்தாலோ சொட்டுவது சீக்கிரமே நின்றுவிடும். பார்க்க மந்திரம் போல இருக்கும். என் தயக்கம் வேறு. இது தண்ணீர் வெளியே வரும் வாசலைத்தான் மூடுகிறது, உள்ளே நுழையும் வாசல் திறந்தே கிடக்கிறது. ஜல்லியில் தேங்கிய தண்ணீர் பக்கத்து உத்தரத்துக்கோ சுவருக்கோ வழி தேடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட் பொரிந்து விழும். தவிர, நம் குளியலறையின் பழுதுக்காகக் கீழ்வீட்டுக் கூரையைத் துளையிட அவர்கள் சம்மதிக்கவேண்டும். மழைக்காலத்தில் உடனே நிறுத்தியாகவேண்டிய அவசரத்துக்குச் சரி.

குழியா, முழுப் பெயர்ப்பா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவேதான்.

குழி என்பது டிராப்பைச் சுற்றி ஒன்றரை அடிச் சதுரத்தைக் கிரைண்டரால் அறுத்து, டிராப் தெரியும்வரை தோண்டி, அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது. முன்பக்கக் குளியலறைக்கு இதைத்தான் செய்தோம். தோண்டியதும் எதிர்பார்த்ததே கிடைத்தது: செங்கல் துண்டால் கட்டிய கழுத்து, கையால் அசைத்ததும் கழன்று வந்தது. கொத்தனார் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "இதை நம்பித்தான் முப்பது வருஷம் குளித்திருக்கிறீர்கள்" என்றார்.

குழி திறந்திருக்கும்போதே குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்றும் சோதனையை இன்னொரு முறை செய்தோம். டிராப்பிலிருந்து போகும் குழாய் காய்ந்தே இருந்தது. அது நனைந்திருந்தால் குழியோடு நிறுத்தியிருக்க முடியாது. பிறகு நடந்த வேலையில் கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று. புதிய டிராப்பின் வாயிலும் உயர்த்தும் துண்டின் வெளிப்புறத்திலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிவிசி ஒட்டும் சால்வென்ட் சிமெண்டைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினார் கொத்தனார். காய்ந்ததும் வழவழப்பான பிவிசி, சொரசொரப்பான அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. இனி கலவைக்குப் பிடி கிடைக்கும். அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சை இரண்டு கை கொடுத்து, டிராப்பின் வாய்க்குள் ஓர் அங்குலம் வரை இழுத்துவிட்டார். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத புதுக் குளியலறையும் ஒழுகும், செய்த பழைய குளியலறை தாங்கும்.

குழியின் பலம்: இரண்டு நாள் வேலை, பிறகு கலவை இறுகச் சில நாள் காத்திருப்பு, சில ஆயிரம் ரூபாய், நான்கைந்து சாக்கு இடிபாடு. பலவீனங்களும் உண்டு. பழைய டைல்ஸுக்கு ஜோடி கிடைக்காது. நாங்கள் தேடி அலுத்து, வேண்டுமென்றே கறுப்பு டைல்ஸைப் போட்டுவிட்டோம். புதுப் பூச்சு பழைய வாட்டர்ப்ரூஃப் அடுக்கின் மேல் ஓர் அரை அடியாவது ஏறிப் படியவேண்டும். பழைய கட்டடத்தில் அப்படி ஓர் அடுக்கே இல்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பொறுமையைச் சோதிப்பது, ஜல்லியில் தேங்கிய பழைய தண்ணீர் வெளியேறும்வரை கீழே ஓதம் தொடர்வது. வேலை தோற்றுவிட்டது என்று நினைத்து மறுபடி உடைக்கத் தோன்றும். எங்களுக்குப் பதினெட்டு நாள் அப்படிப் போனது.

முழுப் பெயர்ப்பின் பெரிய லாபமே இங்கேதான். ஜல்லி முழுவதும் வெளியே போய்விடுவதால் தேங்கிய தண்ணீரும் அதோடு போய்விடும். செய்த வேலை சரியா தவறா என்பது தண்ணீர் கட்டிய இரண்டு நாளில் தெரிந்துவிடும். படுக்கையறைக் குளியலறையைத் திறந்தபோது குழாய் ஏன் ஒழுகியது என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. அடியில் இருந்த ஜல்லி காலப்போக்கில் அமுங்கி, குழாய் அந்தரத்தில் தொங்கி, இணைப்பு ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. மேலிருந்து எந்தப் பூச்சும் இதைத் தொட்டிருக்காது, குழியும் இவ்வளவு தூரம் எட்டியிருக்காது.

இனி இதன் விலை. ஐந்துக்கு எட்டு அடி அறையில் ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பியது நாற்பது கன அடி. ஈர ஜல்லி ஏறக்குறைய இரண்டு டன் வரும். அத்தனையும் சாக்கில் கட்டி இரண்டு மாடி இறங்கவேண்டும். எங்கள் கணக்கில் ஐம்பத்தெட்டுச் சாக்கு. திரும்ப நிரப்பும்போது ஜல்லிக்குப் பதிலாக ஏஏசி என்ற எடை குறைந்த கான்கிரீட் கட்டியின் துண்டுகளைப் போட்டோம், எடை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டைல்ஸ், குழாய், கொமோட், கூலி என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சத்தை எளிதாகத் தாண்டும். மூன்று வாரத்துக்குக் குளியலறை இல்லை. ஒரே ஒரு குளியலறை உள்ள வீட்டுக்காரருக்கு இந்தக் கடைசி வரிதான் பணத்தைவிடப் பெரிது. அப்படிப்பட்ட வீட்டில், வயதானவர்கள் இருந்தால், பழுது கழுத்தில் என்று தெரிந்த பின்னும் முழுவதும் பெயர்ப்பது தேவையில்லாத சிரமம்.

பெயர்த்தால் அரைகுறையாகச் செய்யக்கூடாத இடங்கள் உண்டு. தண்ணீர் கட்டிப் பார்ப்பது இரண்டு முறை நடக்கவேண்டும். வெறும் தளத்தைக் கழுவி, மூலைகளைக் கலவையால் உருட்டி, பூச்சு கொடுத்துக் காயவிட்டு முதல் முறை. நிரப்பி, வாட்டம் எடுத்து, மேல் பூச்சு கொடுத்த பிறகு இரண்டாம் முறை. ஒவ்வொன்றும் 48 மணி நேரம். இரண்டாவது முறைக்கு ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார்; விட்டுக்கொடுத்தால் டைல்ஸ் பதித்த பிறகுதான் பழுது தெரியும். மேல் பூச்சு சுவரில் ஓர் அடியும், ஷவர் சுவரில் ஆறடியும் ஏறவேண்டும். வாட்டம் எண்பதுக்கு ஒன்றுக்குக் குறையக்கூடாது, அதாவது ஆறடி நீளத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். வாங்கும் கழிவுக் குழாயில் ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தர எண்ணும், அதோடு பி வகை என்றும் அச்சிட்டிருக்கவேண்டும். ஏ வகை மழைநீருக்கும் காற்றுப்போக்குக்கும் உரியது. விலை குறைவு என்று அதை நடுவில் நுழைத்துவிடுவார்கள். குழாயை ஜல்லியின் மேல் படுக்கவிடாமல், செங்கல் தாங்கல் கட்டி உட்காரவைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து ஒரு சின்னக் குழாயை வெளிப்புறக் குழாய்த் தண்டுப் பக்கம் விட்டுவைத்தால், பின்னால் கசிவு வந்தாலும் தண்ணீர் கீழ்வீட்டுக்குப் போகாமல் வெளியே சொட்டிக் காட்டும். எல்லாவற்றையும் மூடும்முன் அளவு நாடாவை விரித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்வது இலவசம்.

யாருக்கு எது என்று கேட்டால் என் விடை இப்படி: டைல்ஸை எப்படியும் மாற்றப்போகிறவர்கள், பழைய டிராப்பையும் பழைய ஜல்லியையும் அடியில் விட்டுவிட்டு மேலே புது டைல்ஸ் பதிக்கவே கூடாது. கசிவே இல்லாவிட்டாலும் டிராப்பின் கழுத்தையாவது மாற்றிவிடவேண்டும். தரை நன்றாக இருந்து கழுத்து மட்டும் போயிருந்தால் குழி. குழாய் போயிருந்தால் பேச்சே இல்லை, பெயர்த்தே ஆகவேண்டும். வாடகைக்கு விட்ட வீடு, பழுது இடுக்கில் மட்டும் என்றால் எபாக்ஸி. வீட்டைச் சுவாதீனம் வாங்கி ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் இவற்றில் எதையும் சொந்தச் செலவில் தொடங்கவேண்டாம். 2016ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14(3) பிரிவின்படி அந்தக் காலத்துக்குள் கட்டுமானக் குறையைக் கட்டுநரிடம் தெரிவித்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டியது அவர் பொறுப்பு. நீங்களே உடைத்துவிட்டால் குறை யாருடையது என்று வாதாட நேரும்.

முன்பக்கக் குளியலறையின் குழியை மூடிப் பத்தொன்பதாம் நாள் அக்கா மறுபடியும் பென்சிலோடு கூப்பிட்டார். இந்த முறை கோடு பழைய கோட்டுக்கு உள்ளே விழுந்தது. உடனே வெள்ளையடித்துவிடலாமா என்று கேட்டார். இன்னும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஈரம் இருக்கும்போது அடித்தால் உப்புப் பூத்து உரிந்து விழும். அந்தச் செலவு என்னுடையது என்று பேசி வைத்திருக்கிறோம்.